நிலைக்கதவுக்கு ஊர்ப்பெயர் போட்ட கதை

“தம்பி, எங்க வீட்டு நிலையை வரஞ்சு போட்டது நீதானே?”

காலை ஏழு மணிக்கு வந்த போன். பேசியது ஒரு ஆச்சி. எழுபதைத் தாண்டிய குரல். “பேத்தி காமிச்சா. நல்லாத்தான் வரஞ்சிருக்க. ஆனா நேத்து ரெண்டு பேரு வந்து, நிலையை என்ன வெலைக்குக் குடுப்பீகன்னு வாசல்ல நின்னு கேக்குறாக. வீட்டுல நானும் வேலை செய்யிற பிள்ளையும் மட்டுந்தான் இருக்கோம்.”

குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

இன்ஸ்டாகிராமில் அதுவரை நான் போட்ட ஓவியங்களில் அதிகம் பேர் பார்த்தது அந்த நிலைக்கதவுதான். பர்மா தேக்கு. மேலே கஜலட்சுமி, இருபுறமும் கிளிகள், கீழே தேய்ந்து பள்ளமான வாசல்படி. வாட்டர்கலரில் பன்னிரண்டு நாள் வேலை. வேலை நன்றாக வந்த பெருமையில் ஊரின் பெயரை லொகேஷனாகப் போட்டதோடு நிற்காமல், கேப்ஷனில் “ஊருணிக்கு எதிர் வீடு” என்றும் எழுதிவிட்டேன்.

செட்டிநாட்டில் பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன, மீதியில் ஒருவரோ இருவரோ இருக்கிறார்கள் என்று சொன்னால் இந்தப் பக்கத்துக்காரர்கள் சண்டைக்கு வரமாட்டார்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. பிரித்த வீடுகளின் தூண், நிலை, ரவிவர்மா படம், எனாமல் தூக்கு என்று எல்லாம் அங்கே வந்து சேரும். நியாயமாக வாங்கி விற்பவர்கள்தான் அதிகம். ஆனால் எந்த ஊரில் எந்த வீட்டில் நல்ல நிலை இருக்கிறது என்பது அந்தத் தொழிலில் காசு பெறும் தகவல். அதைத்தான் நான் கலர் போட்டு இலவசமாகக் கொடுத்திருந்தேன்.

அன்றைக்கே லொகேஷனை எடுத்தேன், கேப்ஷனைத் திருத்தினேன், வண்டியை எடுத்துக்கொண்டு போய் மன்னிப்புக் கேட்டேன். ஆச்சி மோர் கொடுத்து, கிளியின் மூக்கு தப்பாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பினார். உண்மைதான், தப்பு.

வரைந்ததை எப்படி ஆன்லைனில் கொண்டுபோவது என்று யாராவது கேட்டால் இதிலிருந்துதான் ஆரம்பிக்கிறேன். எத்தனை ஹேஷ்டேக், எத்தனை மணிக்குப் போடுவது என்பதெல்லாம் அப்புறம்.

நான் காரைக்குடிக்காரன். அப்பா போர்டு எழுதுபவர். கடை போர்டு, லாரி நம்பர், தேர்தல் சுவர் எல்லாம் அவர் கை எழுத்துதான். ஃப்ளெக்ஸ் வந்தபிறகு பிரஷ்கள் மண்ணெண்ணெய் டப்பாவிலேயே காய்ந்தன. நான் பகலில் ஒரு டிடிபி கடையில் கல்யாணப் பத்திரிகை டிசைன் செய்கிறேன். ராத்திரியும் ஞாயிறும் படம் வரைகிறேன். 2019-இல் இன்ஸ்டாகிராம் கணக்கு தொடங்கி, முதல் ஒரு வருஷம் கையில் வந்ததையெல்லாம் போட்டேன். பிள்ளையார், நடிகர் முகம், பக்கத்து வீட்டுப் பூனை, பென்சில் ஸ்கெட்ச். பின்தொடர்ந்தவர்கள் நூற்றிநாற்பது பேர். அதில் எழுபது பேர் சொந்தக்காரர்கள். ஒரு படமும் விற்கவில்லை.

முதல் ஆர்டர் மலேசியாவிலிருந்து வந்தது. ஒரு வளவையும் (முற்றம் உள்ள உள்கட்டு) பட்டாலையையும் (அதை ஒட்டிய கூடம்) ஏழு படமாகப் பிரித்து ஒரே போஸ்டாகப் போட்டிருந்தேன். முழு ஓவியம், தூணின் அடிப்பகுதி, முற்றத்தில் விழுகிற வெயில், பென்சில் கோடு மட்டும் இருந்த நிலை, கடைசியாக என் கை. அதைப் பார்த்து ஒரு அம்மா எழுதினார்: “இது எங்கள் ஐயா வீட்டு வளவு மாதிரியே இருக்கிறது. அப்பச்சிக்கு அறுபதாம் கல்யாணம் வருகிறது. எங்கள் வீட்டை வரைந்து தர முடியுமா?” அந்த வருஷம் அதே போஸ்டைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். லைக் மொத்தமே முன்னூற்றுச் சொச்சம்தான்.

அதற்குப் பக்கத்தில் இன்னொரு கணக்கை வையுங்கள். தரையில் பதிக்கிற ஆத்தங்குடிக் கல் ஒன்றை வரைகிற ரீலை (சின்ன வீடியோ) ஒன்றேமுக்கால் லட்சம் பேர் பார்த்தார்கள். எந்தெந்த நாட்டிலிருந்தோ இதயப் பொம்மையாகக் கொட்டினார்கள். அதனால் வந்த விற்பனை பூஜ்யம். ஒரு வாரம் போனை விட்டுக் கண்ணை எடுக்காமல் இருந்ததுதான் மிச்சம்.

கொஞ்ச நாள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. என் படத்தை வாங்குகிறவர்கள் ஓவிய ரசிகர்கள் இல்லை, ஊரை விட்டுப் போனவர்கள். பர்மா, மலேயா, இலங்கை என்று கொண்டுவிற்க, அதாவது வியாபாரம் செய்யப் போய்ச் சம்பாதித்த பணத்தில் தாத்தாக்கள் கட்டிய வீடு. பேரப்பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் ஃப்ளாட்டில் இருக்கிறார்கள். வீட்டுக்குப் பதினைந்து பங்கு. யாராலும் வந்து இருக்க முடியாது, விற்கவும் மனசில்லை. ஹால் சுவரில் மாட்ட ஒரு படமாவது வேண்டும். அவர்கள் கண்ணில் பட்டால் போதும். அதற்கு ஒன்றேமுக்கால் லட்சம் பேர் தேவையில்லை.

அதிலிருந்து லைக்கைப் பார்ப்பதை விட்டேன். கணக்கை ‘புரொஃபஷனல்’ என்று மாற்றினால் (காசில்லை) ஒவ்வொரு போஸ்டையும் எத்தனை பேர் சேமித்தார்கள், எத்தனை பேர் இன்னொருவருக்கு அனுப்பினார்கள் என்று காட்டும். அனுப்பிய எண்ணிக்கைதான் எனக்கு முக்கியம். ஒருவர் என் படத்தை அவர்கள் குடும்ப வாட்ஸப் குரூப்பில் போட, அங்கே ஒரு பெரியவர் “நம்ம வீட்டையும் இப்படி வரையச் சொல்லு” என்பார். வியாபாரம் நடப்பது அங்கேதான். இன்ஸ்டாகிராம் எனக்குக் கடை வாசல் மாதிரி. ஒரு சின்ன விஷயம்: மாற்றும்போது ‘பிசினஸ்’, ‘கிரியேட்டர்’ என்று இரண்டு வகை கேட்கும். பிசினஸ் எடுத்தால் ரீலுக்குப் போட நிறையப் பாட்டுகள் கிடைக்காது. நான் கிரியேட்டரில் இருக்கிறேன்.

கேப்ஷனும் அப்படித்தான். ஆரம்பத்தில் ஆங்கிலத்தில் எழுதுவேன், கௌரவமாக இருக்கும் என்று. அதற்கு வந்தவர்கள் டூர் போகிறவர்களும் ஹோட்டல்காரர்களும்தான். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, பட்டாலை என்று வீட்டுக்குள் புழங்கும் வார்த்தைகளைத் தமிழில் எழுதத் தொடங்கியதும் “எங்க ஆயா வீட்டுல பட்டாலையிலதான் தூங்குவோம்” என்று பத்து வரி கமென்ட் வர ஆரம்பித்தது. அந்தப் பத்து வரி எழுதுகிறவர்தான் ஆறு மாதம் கழித்து ஆர்டர் கொடுப்பார். இப்போது முதல் நாலு வரி தமிழ், கீழே இரண்டு வரி ஆங்கிலம். ஆங்கிலம் வேண்டும், மூன்றாம் தலைமுறைப் பிள்ளைகள் பலருக்குத் தமிழ் படிக்க வராது.

சரி, ஆத்தங்குடிக் கல்லின் சிவப்புக்கு வருகிறேன். என்னை அதிகம் அழ வைத்த விஷயம் அது.

ஆத்தங்குடிக் கல் சூளையில் சுடுவது இல்லை. கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, கலர் கலந்த சிமென்ட் குழம்பைக் கரண்டியால் ஊற்றி, மேலே மணலும் சிமென்டும் போட்டு, பிறகு தண்ணீரில் ஊறவைத்து எடுப்பார்கள். அந்தப் பளபளப்பு கண்ணாடியிலிருந்து வருவது. அதன் சிவப்பு செங்கல்லுக்கும் குங்குமத்துக்கும் நடுவில் இருக்கும், காலால் தேய்ந்த சிவப்பு. கலர் கலந்து காகிதத்தில் அதைப் பிடிக்க எனக்கு ஒரு வருஷம் ஆனது. போன் கேமரா அதை ஒரு நொடியில் கெடுத்துவிடும். டியூப்லைட்டில் எடுத்தால் ஊதா அடிக்கும், குண்டு பல்பில் ஆரஞ்சு. வெயிலில் எடுத்தால் சிவப்பு மொத்தமும் அப்பிக்கொண்டு, உள்ளே போட்ட பிரஷ் தடமே தெரியாது.

ஒருமுறை ராத்திரி லைட்டில் எடுத்துவிட்டு, கொஞ்சம் எடுப்பாக இருக்கட்டும் என்று ஃபில்டரும் போட்டேன். சென்னையில் வாங்கியவர் பார்சலைப் பிரித்ததும் போட்டோ அனுப்பினார். “போன்ல குங்குமச் சிவப்பு, கையில செங்கல் சிவப்பு. வேற படம் அனுப்பிட்டீங்களா சார்?” பணத்தைத் திருப்பிக் கொடுத்துப் படத்தை வாங்கிக்கொண்டேன். கூரியர் செலவு இரண்டு பக்கமும் என்னுடையது.

இப்போது நான் செய்வது இது. காலை ஒன்பதிலிருந்து பத்தரைக்குள், முற்றத்தை ஒட்டிய நிழலில், வெயில் நேராக விழாத இடம். ஓவியத்தைச் சுவரில் சாய்க்காமல் தரையில் படுக்க வைத்து, பக்கத்திலேயே வெறும் வெள்ளைக் காகிதம் ஒன்றை வைக்கிறேன். போனில் கட்டக்கோடு போட்டுக்கொண்டு, ஓவியத்தின் நாலு ஓரமும் கோட்டோடு சேருகிற மாதிரி மேலிருந்து எடுக்கிறேன். கிட்டே போய் எடுத்தால் ஓரங்கள் வளையும். அதனால் ஸ்டூல் மேல் ஏறி, இரண்டு மடங்கு ஜூம் வைக்கிறேன். அப்புறம் எடிட் செய்யும்போது அந்த வெள்ளைக் காகிதம் வெள்ளையாகத் தெரியும்வரை மட்டும் நிறத்தைச் சரிசெய்து, காகிதத்தை வெட்டிவிடுகிறேன். வேறெதையும் தொடுவதில்லை. சிவப்பு இன்னும் கொஞ்சம் தூக்கலாகத் தெரிந்தால் வெளிச்சத்தை ஒரு இழை குறைத்தே எடுப்பேன். ஃப்ரேம் போட்ட பிறகு எடுக்காதீர்கள். கண்ணாடியில் உங்கள் முகம்தான் தெரியும்.

அளவு பற்றியும் ஒரு வயிற்றெரிச்சல் உண்டு. ஆத்தங்குடிக் கல் சதுரம். இன்ஸ்டாகிராம் பக்கத்தில் சின்னச் சின்னக் கட்டமாகத் தெரிந்ததும் அப்போது சதுரம். ஆகவே ஒன்பது கல்லை ஒன்பது போஸ்டாகப் போட்டால் என் பக்கத்தைத் திறந்ததும் ஒரு தளம் மாதிரி சேர்ந்து தெரியும் என்று திட்டம் போட்டு, மூன்று மாதம் உட்கார்ந்து வரைந்தேன். அழகாகத்தான் இருந்தது. 2025 ஜனவரியில் அவர்கள் அந்தக் கட்டத்தைச் சதுரத்திலிருந்து மூன்றுக்கு நாலு என்று நீளமாக்கினார்கள். ஒரே ராத்திரியில் என் தளம் விரிசல் விட்டது. பூவுக்குப் பாதி இதழ், ஓரக் கல்லுக்கு ஓரமே இல்லை. அவர்கள் வீடு, அவர்கள் இஷ்டத்துக்குச் சுவரை இடிப்பார்கள். அன்றிலிருந்து முக்கியமான எதையும் படத்தின் ஓரத்தில் வைப்பதில்லை. ஒவ்வொரு ஓவியத்துக்கும் பெரிய அளவிலான நல்ல போட்டோ என் ஹார்ட் டிஸ்க்கில் தனியாக இருக்கிறது. வாங்கியவர்களின் பெயர், போன் நம்பர், எந்த வீடு என்ற குறிப்பும் ஒரு நோட்டில் கையால் எழுதியிருக்கிறேன்.

வீடியோ பற்றி நான் பெரிய ஆள் இல்லை. 2020-இல் டிக்டாக் தடை வந்த கையோடு ரீல்ஸ் இங்கே வந்தது. எல்லோரும் போட்டார்கள், நானும் போட்டேன். கற்றது இரண்டுதான். வெள்ளைக் காகிதத்தில் ஆரம்பிக்காதீர்கள், யாரும் காத்திருக்க மாட்டார்கள். பாதி முடிந்த இடத்தில், நிறம் தண்ணீரில் பரவுகிற நொடியில் ஆரம்பியுங்கள். இரண்டாவது, பாட்டைவிட நிஜச் சத்தம் நன்றாக வேலை செய்கிறது. பிரஷ்ஷைத் தம்ளரில் அலசுகிற சத்தம், தூரத்தில் மயில், பக்கத்துத் தெருக் குக்கர் விசில். அப்பா ஒருநாள் பழைய எனாமல் பெயின்டைத் திறந்து, ஒரு பலகையில் ‘ழ’ எழுதிக் காட்டினார். கை நடுங்கியது, சுழிக்கு வந்ததும் நடுக்கம் நின்றுவிட்டது. அதை அப்படியே எடுத்துப் போட்டேன். அதைப் பார்த்து இரண்டு கடைக்காரர்கள் அப்பாவிடம் போர்டு எழுதக் கேட்டு வந்தார்கள். அவர் எனக்குக் கமிஷன் தரவில்லை.

படங்களைத் தேடிச் சேமித்து வைக்கிற பின்ட்ரஸ்ட் தளத்தை நம் பக்கம் அதிகம் பேர் கண்டுகொள்வதில்லை. இன்ஸ்டாகிராமில் போட்டது நாலு நாளில் பழசாகிவிடும். பின்ட்ரஸ்ட்டில் ஒரு வருஷத்துக்கு முன் போட்ட கல் டிசைன் இன்றைக்கும் யாரோ தேடும்போது வந்து நிற்கிறது. வீடு கட்டுகிறவர்கள், இன்டீரியர் செய்கிறவர்கள் அங்கேதான் தேடுகிறார்கள். படத்தின் தலைப்பில் அவர்கள் தேடுகிற வார்த்தையையே போட வேண்டும். ‘என் மௌனம்’ என்று கவிதையாகத் தலைப்பு வைத்தால் யார் தேடப்போகிறார்கள்?

விலை. “விலைக்கு டிஎம் செய்யவும்” (தனி மெசேஜில் கேட்கவும்) என்று எழுதுவதை நிறுத்திவிட்டேன். அளவு, காகிதம், விலை, எத்தனை நாள் ஆகும் என்று போஸ்டிலேயே போடுகிறேன். கேட்கிறவர்கள் குறைந்தார்கள், வாங்குகிறவர்கள் குறையவில்லை.

இனி என் முட்டாள்தனம். ஒருநாள் ராத்திரி ஒரு மெசேஜ்: உங்கள் பதிவு காப்புரிமையை மீறுகிறது, 24 மணி நேரத்தில் கணக்கு நீக்கப்படும், மறுப்பு இருந்தால் இந்த லிங்கில் சொல்லவும். இன்ஸ்டாகிராம் சின்னம் எல்லாம் கச்சிதமாக இருந்தது. தூக்கக் கலக்கத்தில் பாஸ்வேர்டைப் போட்டேன். அரைமணி நேரத்தில் என் பக்கத்தில் யாரோ கிரிப்டோ விற்றுக்கொண்டிருந்தார்கள். கணக்கைத் திரும்ப வாங்க முகத்தை வீடியோவாகக் காட்டச் சொல்லும் வழி ஒன்று உண்டு. ஆனால் கணக்கில் நம் போட்டோ இருந்தால்தான் அது உதவும். என்னுடையதில் இருந்ததெல்லாம் கதவும் தூணும். என் முகமே இல்லை. வேறு வழியில் மல்லுக்கட்டி மீட்கப் பதினொரு நாள் ஆனது.

இன்ஸ்டாகிராம் இந்த மாதிரி விஷயத்தை டிஎம்மில் சொல்லாது. மெயில் வந்தால், செட்டிங்ஸில் அவர்கள் அனுப்பிய மெயில்களின் பட்டியல் இருக்கிறது. அங்கே இல்லாதது போலி. இரண்டடுக்குப் பாதுகாப்பை (பாஸ்வேர்டோடு இன்னொரு குறியீடும் கேட்பது) இன்றைக்கே போடுங்கள். உங்கள் முகம் தெரியும் படம் ஒன்றிரண்டாவது போடுங்கள், கூச்சமாக இருந்தாலும். பணம் அனுப்புகிறேன் என்று சொல்லி யுபிஐ பின் நம்பர் கேட்டால் பேச்சை அங்கேயே முடியுங்கள். பணம் வாங்குவதற்கு அந்த நம்பர் தேவையில்லை.

படத்தை யாராவது திருடிவிடுவார்களே என்று பயந்து நடுவில் பெரிதாகப் பெயர் போடுகிறவர்கள் உண்டு. பார்க்கிறவருக்கு அது ஜன்னல் கம்பி மாதிரி. 1080 பிக்சல் அகலத்தில் ஏற்றினால் நல்ல தரத்தில் அச்சடிக்க ஒன்பது சென்டிமீட்டருக்குமேல் வராது. டிடிபி கடையில் வேலை பார்ப்பதால் இந்தக் கணக்கு தெரியும். ஒரு மூலையில் சின்னதாகக் கையெழுத்துப் போட்டால் எனக்குப் போதும்.

அதைவிட முக்கியமான ஒன்று பலருக்குத் தெரியாது. 1957-ஆம் வருஷத்துக் காப்புரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவின்படி, ஒருவர் காசு கொடுத்து ஓவியம் வரையச் சொன்னால், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், காப்புரிமை வரையச் சொன்னவருக்குத்தான். நீங்களாக வரைந்து விற்றது வேறு, ஆர்டருக்கு வரைந்தது வேறு. ஆகவே ஆர்டர் எடுக்கும்போதே ஒரு மெசேஜில் எழுதி வாங்கிவிடுகிறேன்: காப்புரிமை என்னிடம் இருக்கும், படத்தை என் பக்கத்தில் போடலாமா கூடாதா, பிரின்ட் விற்கலாமா கூடாதா. போட வேண்டாம் என்பவர்கள் உண்டு. போடுவதில்லை.

ஆச்சி விவகாரத்துக்குப் பிறகு வந்த பழக்கங்களும் இருக்கின்றன. லொகேஷன் என்றால் ‘செட்டிநாடு’ அல்லது ‘காரைக்குடி’, அதற்கு மேல் இல்லை. எல்லோரும் போய்ப் பார்க்கிற இடமாக இருந்தால் மட்டும், கானாடுகாத்தான் அரண்மனை மாதிரி, பெயர் போடுவேன். வீட்டுக்காரர் அனுமதி இல்லாமல் உள்ளே வரைந்த எதையும் போடுவதில்லை. அனுமதி என்றால் சாவி வைத்திருப்பவரின் அனுமதி அல்ல. அவர் ஐந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு திறந்துவிடுவார், பிறகு பங்காளி யாராவது துபாயிலிருந்து கூப்பிடுவார். பூட்டு, பின்வாசல், சாமி அறை, வெள்ளிச் சாமான் எதுவும் படத்தில் வராது. சில சமயம் ஒரு வீட்டு நிலையையும் இன்னொரு வீட்டுத் திண்ணையையும் சேர்த்துவிடுவேன். வந்து தேடுகிறவன் தேடட்டும்.

இப்போது கையில் ஒரு ஆர்டர் இருக்கிறது. தேவகோட்டைப் பக்கத்து வீடு. நாலு பங்காளிகள் சேர்ந்து கேட்கிறார்கள், நாலு பேருக்கும் ஒவ்வொரு பிரின்ட். என்னையும் சேர்த்து வாட்ஸப் குரூப் தொடங்கி இருபது நாள் ஆகிறது. மூத்தவருக்கு முகப்பு வேண்டும், அதுதான் வீட்டுக்கு முகம் என்கிறார். இரண்டாமவருக்கு முற்றம். சென்னையில் இருப்பவர் ட்ரோனில் எடுத்த மாதிரி மேலிருந்து வரைய முடியுமா என்று கேட்கிறார். கடைசித் தம்பி, அடுப்படிப் பக்கம் ஆட்டுக்கல் இருந்த இடம், ஆத்தா உட்காரும் இடம், அதை வரையச் சொல்கிறார். அதற்கு யாரும் பதில் எழுதவில்லை. மூன்று நாளாகக் குரூப் அமைதியாக இருக்கிறது. ஆட்டுக்கல்லை மட்டும் ஒரு சின்னக் காகிதத்தில் பென்சிலில் போட்டு வைத்திருக்கிறேன். அட்வான்ஸ் இரண்டாயிரம் என் கணக்கில்தான் இருக்கிறது.